தட்டு எவ்லின்

எவ்லின் தன் மகளைச் சுவரோரத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். முதுகுப் பக்கமாக யாரும் வர முடியாத இடம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அப்படியொரு இடத்தைத்தான் அவள் கண் முதலில் தேடும்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு சீன உணவகத்தின் மாடி. பூன் லியோங் எம்போரியத்தில் வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அதை எடுத்திருந்தார்கள். கடை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பூட்டிக் கிடந்த கட்டடத்தை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், எல்லாரும் ஒரு தடவை கூடிச் சாப்பிடலாம் என்று கிளப்பிவிட்டவள் கிருஷ்ணம்மா. அந்தக் காலத்தில் துண்டு, படுக்கை விரிப்புப் பகுதியில் நின்றவள். இப்போது முழங்கால் வலியோடு மேசை மேசையாகப் போய் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

வலேரியின் கீழுதடு பிளந்து காய்ந்திருந்தது. தாடையில் பவுடரை அப்பியிருந்தாள். அப்படியும் மஞ்சளும் நீலமும் அடியில் தெரிந்தன. வியாழக்கிழமை கெலாங் பாத்தாவில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு உலு திராமுக்குத் தாய் வீட்டில் வந்து இறங்கியவள் கதவு மூலையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். எவ்லின் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தக் கதவை அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மருமகன் கால்வின் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போவதாகச் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் எவ்லின் நம்பவில்லை. மகளை வீட்டில் தனியே விட மனமில்லாமல் இங்கே கூட்டி வந்தாள். வரும் வழியில் வலேரி, தாங்கள் எங்கே போகிறோம் என்று தானே அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்.

"வந்து கூப்பிட்டா போயிடறேம்மா. பெருசு பண்ணாதீங்க."

எவ்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்கு அனுப்பினால் அடுத்த தடவை மகள் பையோடு வரமாட்டாள், தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மேசைகளில் பேச்சு சூடுபிடித்திருந்தது. எம்போரியத்தின் மின்படியைப் பற்றி ஆரம்பித்தார்கள். சம்பள நாளில் தோட்டத்து ஜனம் பஸ் பிடித்து வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் ஏறும். ஒரு கிழவியின் சேலை மாட்டி, பாதி சேலை மேலே போக, கிழவி கீழே நின்று கத்திய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். சனிக்கிழமையானால் சிங்கப்பூர்க்காரர்கள் பாலம் தாண்டி வெறுங்கையோடு வந்து, அட்டைப்பெட்டியும் ஆளுமாகத் திரும்புவார்கள். வாசலில் நின்று குளிர்காற்று மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை காவல் நின்ற ஜாகா ஐயாசாமி விரட்டுவார். விரட்டிவிட்டுத் தானும் அதே இடத்தில் நிற்பார். கிறிஸ்துமஸ் மரத்தில் பஞ்சுப் பனி, அதன் அடியிலேயே தீபாவளிக்கு விற்காத முறுக்கு அச்சு. அடைக்கும் நேரத்தில் போடும் பாட்டை ஒருத்தி முனகினாள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எவ்லினை அவர்கள் தட்டு எவ்லின் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் இரண்டு எவ்லின்கள் இருந்தார்கள் என்பது ஒரு காரணம்.

ரப்பர் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவள் பத்தொன்பது வயதில் எம்போரியத்துக்கு வந்தாள். நீலச் சட்டை, நீலப் பாவாடை, வெள்ளைக் காலணி. பீங்கான், கண்ணாடிப் பகுதியில் போட்டார்கள். அப்போதுதான் உடையாத தட்டு புதிதாக வந்திருந்தது. பால் வெள்ளை நிறம், விளிம்பில் சின்னப் பூக்கள். விலை கேட்டுச் சனம் ஓடியது. மேற்பார்வையாளர் மிஸ் கோ ஒரு நாள் எவ்லினைக் கூப்பிட்டு, தட்டை அவள் கையில் கொடுத்துக் கீழே போடச் சொன்னாள். எவ்லின் தயங்கினாள். மிஸ் கோ தானே தட்டிவிட்டாள். தட்டு குதித்து, சுழன்று, மணி போல ஒலித்து அடங்கியது.

அதற்கு ஒரு முறை இருந்தது. தரையின் அந்த இடத்தில் மட்டும் பலகை பரப்பி மேலே விரிப்பு போட்டிருந்தார்கள். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. தட்டை இடுப்பு உயரத்திலிருந்து, அடிப்பாகம் முழுதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விட வேண்டும். விளிம்பு பட்டால் வெடித்துவிடும். உடைவது இல்லை, வெடிப்பது. ஒவ்வொரு தடவை போட்டு எடுத்ததும் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்காவது தட்டினால் அந்தத் தட்டின் கதை முடிந்தது, அடுத்த வீச்சில் அது யார் கண்ணிலாவது போய் இறங்கும். இதையெல்லாம் மிஸ் கோ சொல்லிக்கொடுத்தாள். ஜாத்தோ, தா பெச்சா என்று மலாயில் கூவ வேண்டும், விழும், உடையாது. சீனர் வந்தால் சீனத்தில், தமிழர் வந்தால் தமிழில், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில். ஒரு மாதத்தில் எவ்லின் நாலு மொழியில் தட்டைப் போட்டாள். கூட்டம் வட்டம் கட்டி நின்றது. போட்டுவிட்டு நிமிரும்போது அத்தனை கண்களும் தன்மேல் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்து, நாலாவது சனிக்கிழமை ஒரு பெட்டி வாங்கினான். அவன் அம்மா மாதா கோயிலில் வந்து பெண் கேட்டாள்.

கல்யாணமான ஆண்டே அவன் வீட்டில் தட்டை வீச ஆரம்பித்தான். குடித்திருந்தால் வீசுவான். குழம்பில் உப்புக் குறைந்தால் வீசுவான். காரணம் இல்லாவிட்டால் காரணம் இல்லை என்று வீசுவான். சாதாரணத் தட்டுகள், வீடு முழுக்கச் சில்லு. காலையில் எவ்லின் காலில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். பிறகு ஒரு யோசனை தோன்றியது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு விலை குறைப்பு உண்டு. உடையாத தட்டு ஒரு செட் வாங்கி வந்தாள்.

வீடு பலகை வீடு, தரையும் பலகை. ஸ்டானிஸ்லாஸ் வீசினான். தட்டு குதித்து ஓடிக் கதவடியில் நின்றது. சிரித்தான். இன்னொன்றை வீசினான். அதுவும் உடையவில்லை. மூன்றாவது உடையாதபோது சிரிப்பு போய்விட்டது. எவ்லின் தலைமயிரைப் பிடித்துத் தூணில் இடித்தான். தட்டு உடையாத வீட்டில் உடையக்கூடியது அவள்தான் என்று அவன் அன்றைக்குக் கண்டுபிடித்தான்.

பேச்சு, ஸ்டானிஸ்லாஸ் கடைக்குள் நுழைந்த அந்தச் சனிக்கிழமைக்கு வரும் என்று எவ்லினுக்குத் தெரியும். வந்தது. ஐயாசாமிக்கு எழுபது வயதிருக்கும். எழுந்து நின்றே சொன்னார்.

"நம்ம எவ்லின் புருஷன் வந்தானே, அது ஷோ லா. நான் டோர்ல நிக்கிறேன். என்னைத் தள்ளிட்டு உள்ள போறான். இவ கையில இருந்த தட்டைப் புடுங்கி வீசுறான் பாரு. குதிக்குது. இன்னொண்ணு. அதுவும் குதிக்குது. சிங்கப்பூர்க்காரன் எல்லாம் கைதட்டுறான். கம்பெனி ஆளுன்னு நெனச்சிட்டான். அன்னிக்கு ஸ்டாக் பூரா காலி."

"மிஸ் கோ என்ன கேட்டா தெரியுமா?" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

"அடுத்த சனிக்கிழமையும் உன் ஹஸ்பண்டைக் கூட்டிட்டு வான்னு."

மேசைகள் குலுங்கின. வலேரிகூடச் சிரிக்கப் பார்த்து உதடு வலித்து நிறுத்திக்கொண்டாள். எவ்லின் டீயை ஊற்றினாள். கிருஷ்ணம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு மிச்சம் தெரியும்.

அன்று கைதட்டல் கேட்ட ஸ்டானிஸ்லாஸ் நடுக் கடையில் திகைத்து நின்றான். அவன் அவளை அவமானப்படுத்த வந்திருந்தான். கூட்டம் அவனுக்குத் தட்டுக்கு மேல் தட்டாக எடுத்துக் கொடுத்தது. ஒரு சீனக் கிழவர் அவன் தோளில் தட்டி இன்னும் பலமாகப் போடச் சொன்னார். கடைசியில் தலை குனிந்து வெளியே போனான். எவ்லின் வீடு திரும்பியபோது அவன் குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். அவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டான். இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னான். வைத்தாள். மணிக்கட்டு மேசை விளிம்பில் கிடந்தது. உடையாத தட்டை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பு கீழே இருக்கும்படி ஓங்கி இறக்கினான். எலும்பின் சத்தம் அவளுக்கு முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது. தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாத்தோ, தா பெச்சா என்று அவன் அவள் குரலில் சொல்லிக் காட்டினான்.

கை கூடியது. கொஞ்சம் கோணலாகக் கூடியது. மாடிப்படியில் விழுந்துவிட்டதாகக் கடையில் சொன்னாள். அதற்குப் பிறகு வலது கையால் மட்டும் தட்டைப் போட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டை அவள் கடை மாதிரி அடுக்கினாள். சரக்கு எண்ணும் ஒவ்வொரு தடவையும் விளிம்பு போன பீங்கானைக் கடையில் ஒரு பெட்டியில் போட்டு, பின்பக்க லிஃப்ட் ஓரம் வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பூச்செடிக்கு அடியில் வைக்க ஒன்றிரண்டு எடுப்பார்கள். எவ்லின் மொத்தமாக அள்ளுவாள். கை எட்டும் உயரத்தில் இருப்பதைத்தான் கை முதலில் எடுக்கும், விற்க வேண்டியதை அங்கே வை, விலை கூடியதை மேலே வை என்பது மிஸ் கோவின் பாடம். உடையாத தட்டுகள் மேல் அடுக்குக்குப் போயின. ஓட்டை உடைசல் பீங்கான் ஸ்டானிஸ்லாஸின் கைக்கு நேராக வந்து உட்கார்ந்தது. அவன் குரல் ஏறும்போதே அவள் ஒரு தட்டை மெல்ல அவன் பக்கம் நகர்த்திவிடுவாள். அவன் எடுப்பான், வீசுவான், அது நொறுங்கும். நொறுங்கிய சத்தத்தில் பாதி கோபம் போய்விடும். மீதிதான் அவளுக்கு. அடியும் குறைந்தது. எலும்பு முறியவில்லை. தான் பிழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக அவள் நினைத்தாள். குட்டி வலேரி முறத்தைப் பிடிக்க, தாயும் மகளும் சில்லைக் கூட்டி அள்ளுவார்கள்.

கடை மூடிய பிறகு இரவுச் சந்தையில் மலிவுத் தட்டு வாங்கினாள். கோத்தா திங்கி ரோட்டில் லாரி கவிழ்ந்து ஸ்டானிஸ்லாஸ் செத்துப்போகும்வரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எவ்லின், ஒரு தடவை போடு லா," என்றாள் கிருஷ்ணம்மா. கையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. ஆறு தட்டு, பால் வெள்ளை, விளிம்பில் பூ. கல்யாணத்துக்கு வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்தாளாம். இன்றைக்காகக் கொண்டுவந்திருந்தாள்.

எவ்லின் தரையைப் பார்த்தாள். ஓடு பதித்த தரை. "இங்க ஆகாது. வெடிச்சிடும்." பாட்டுப் பாடுகிறவர்களுக்கென்று மூலையில் பலகை மேடை ஒன்று இருந்தது. அதில் ஏறினாள். உடம்பு மறக்கவில்லை. தட்டை இடுப்புக்கு நேராகப் பிடித்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, குரலெடுத்து நாலு மொழியிலும் கூவி, கையை விட்டாள். தட்டு குதித்தது, சுழன்றது, மணியடித்தது. ஹால் எழுந்து நின்று கைதட்டியது. குனிந்து எடுத்து விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது.

நிமிர்ந்தபோது கால்வின் வலேரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, கீழே நிறுத்திவிட்டு வந்த காடியின் சாவியை மேசைமேல் வைத்திருந்தான். துவாஸில் வேலை, சிங்கப்பூர்ச் சம்பளம். பார்க்கிறவர்களுக்கு நல்ல மாப்பிள்ளை. கைதட்டி முடித்த கை வலேரியின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. வெளியே பார்க்க அது ஆசையாகப் பிடித்த மாதிரி இருந்தது. வலேரியின் விரல் நுனிகள் வெளுத்தன.

தட்டோடு மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த எவ்லின் அதைப் பார்த்தாள். அதற்கு அடுத்து நடந்ததைப் பார்த்துத்தான் அவள் கால் நின்றது. கால்வின் ஏதோ பல்லுக்குள் பேசினான். வலேரியின் மற்றொரு கை, தானாக, மேசைமேலிருந்த உணவகத்துப் பீங்கான் தட்டை மெல்ல அவன் கைப்பக்கம் நகர்த்தியது.

கெலாங் பாத்தா வீட்டில் மகளின் சமையலறை எவ்லினுக்கு நினைவு வந்தது. மலிவுக் கடைத் தட்டுகள் ஒரு அடுக்கு, கை எட்டும் உயரத்தில். என்ன நேர்த்தியாக அடுக்கியிருக்கிறாள் என்று அன்றைக்கு அவள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

எவ்லின் மேசைக்கு வந்து அந்தப் பீங்கான் தட்டை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தாள். கண்ணாடிக் குவளைகளை எடுத்தாள். டீ ஜாடியை எடுத்தாள். சம்பால் கிண்ணத்தைக்கூட விடவில்லை. கடை அடைக்கிறவள் மாதிரி அவன் முன்னால் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். கிருஷ்ணம்மாவின் தட்டு மட்டும் அவள் வலது கையில் இருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அத்தே, சாப்பாடு முடிஞ்சிருச்சா?" கால்வின் சிரித்தான்.

"அவ கையை விடு."

"புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டிருக்கோம். நீங்க போய் உங்க ஷோவைப் பாருங்க."

"இங்க உடைக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. அவதான் இருக்கா. உடைக்கிறதுன்னா இத்தனை பேரும் பாக்க உடை."

சிரிப்பு அவன் முகத்தைவிட்டு இறங்கியதை எவ்லின் பார்த்தாள். அந்த இறக்கம் அவளுக்கு மனப்பாடம். கால்வின் எழுந்தான், நாற்காலி பின்னால் விழுந்தது. வலேரியைத் தலைமயிரோடு பற்றித் தூக்கினான். பின்னால் யாரும் வர முடியாத இடம் என்று எவ்லின் தேர்ந்த சுவர், மகள் பின்னால் போகவும் இடம் தரவில்லை. அவன் அவள் தலையைச் சுவரில் இடித்தான். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. சுண்ணாம்பில் சிவப்பாக ஒட்டியது. ஐயாசாமி மேசைகளுக்கு நடுவே வர வழியில்லாமல் தவித்தார். மூன்றாவது தடவைக்குக் கால்வின் இடது கையை மேசையில் ஊன்றினான். மணிக்கட்டு மேசை விளிம்பில் கிடந்தது.

எவ்லினுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கோணல் கையையும் சேர்த்து இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தாள். விளிம்பு கீழே. ஓங்கி இறக்கினாள்.

அந்தச் சத்தத்தை ஹாலில் எல்லாரும் கேட்டார்கள். கால்வின் முழந்தாளிட்டு விழுந்து, தன் கை தொங்குவதைப் பார்த்து, பிறகுதான் கத்தினான். எவ்லின் தட்டை மறுபடி உயர்த்தினாள். இப்போது அவன் தலை அவளுக்கு வாகான உயரத்தில் இருந்தது. ஸ்டானிஸ்லாஸின் தலையும் எத்தனையோ ராத்திரி அதே உயரத்தில், மேசையில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. கிருஷ்ணம்மா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

"போதும்டி. போதும். செத்துட்டான்னா நீதான் உள்ள போவ."

எவ்லின் திமிறினாள். பிறகு நின்றாள். மூச்சு வாங்கியது.

வலேரி சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னாலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அவள் கண் தரையில் அலைந்துகொண்டிருந்தது. பொறுக்குவதற்குச் சில்லு தேடுகிறாள் என்று எவ்லினுக்குப் புரிந்தது. தரையில் ஒரு சில்லும் இல்லை.

"வலேரி," என்றான் கால்வின், முனகலுக்கு நடுவே. குரல் குழந்தையாகிவிட்டிருந்தது. "காடிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போலாம். சாரி. நீ வா. நீ வந்தா போதும்."

வலேரி சுவரைப் பிடித்து எழுந்தாள். மேசைமேல் அவன் வைத்த இடத்திலேயே காடிச் சாவி இருந்தது. எடுத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அவனோடு போய்விட முடியும். எவ்லின் தானே அப்படித்தான் போயிருக்கிறாள், முறிந்த கையோடு, ஸ்டானிஸ்லாஸ் ஓட்டிய லாரியில் ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு.

வலேரி சாவியை ஐயாசாமியிடம் நீட்டினாள்.

"அங்கிள், நீங்க கொண்டுபோய் விட்டுடுங்க. நான் வரல."

கால்வின் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தான். பழைய ஜாகா அவனைச் சட்டைக் காலரில் பிடித்துத் தூக்கி, வாசலில் காற்று வாங்க நிற்கிறவனைத் தள்ளுகிற மாதிரி, படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். படி முழுக்க வசவு கேட்டது. கேஸ் போடுவேன், கிழவி உள்ளே போவாள் என்று கத்திக்கொண்டே இறங்கினான்.

"போடட்டும்," என்றாள் வலேரி. போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை போலீஸுக்கு அடித்தாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு அவன் பெயரை. பிறகு வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்சம் பேசிவிட்டு, இல்லை, அதற்கும் முன்னாலிருந்து என்று சொல்லி, திரும்ப ஆரம்பித்தாள்.

எவ்லின் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பழக்கத்தில் தட்டின் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினாள். ஓரிடத்தில் நகம் தட்டியது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு மூளி.

கிருஷ்ணம்மா மிச்ச ஐந்து தட்டையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறாவதற்குக் கையை நீட்டினாள்.

"குடு. செட்டுல ஒண்ணு குறையுது பாரு."

"இது இனி ஆகாது," என்று எவ்லின் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "போலீஸ் வந்தா கேப்பான். என்கிட்டயே இருக்கட்டும்."